ஃபேக்டரியில் உறைந்த தயிர்

போன வாரம் ஒரு நாள் மத்தியானம், எங்கள் தேயிலை எஸ்டேட்டின் உதவி மேனேஜர், நாங்கள் சின்ன துரை என்கிறவர், என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஓர் எவர்சில்வர் தூக்கு. மூடியைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஆண்ட்டி, இது என்னா?" என்று கேட்டார்.

தயிர். நல்ல கெட்டித் தயிர். கவிழ்த்தாலும் விழாது போல அப்படியே நின்றது.

அது தயிர் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கேயிருந்து வந்தது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. ஏனென்றால் என் முதுகுக்குப் பின்னால், ஹாலில், கிள்ளானிலிருந்து அன்று காலையில் வந்து இறங்கிய என் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார்.

இருங்கள்... முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் மகன் சரவணன் பக்கத்து டவுன் தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். போன வருடம் அவனுக்குக் கல்யாணம். பெண் கீழே வெயில் ஊரான கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். பெயர் கவிதா. நல்ல பெண். மலைக்கு வந்த நாளிலிருந்து ஸ்வெட்டரைக் கழற்றாத பெண். இப்போது முழுகாமல் இருக்கிறாள்.

சந்தோஷமான செய்திதான். ஆனால் செய்தியோடு மசக்கையும் சேர்ந்து வந்தது. சாதாரண மசக்கை இல்லை. சோறு வேகும் வாசனை வந்தால் பாத்ரூமுக்கு ஓடுவாள். தோசை சுட்டால் ஓடுவாள். நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால்கூட ஓடுவாள். தானா ராத்தா ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஒன்றே ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. தயிர்ச் சாதம். அதுவும் கடையில் டப்பாவில் விற்கிற யோகர்ட் ஆகாது. முதல் ஸ்பூனிலேயே முகம் மாறிவிட்டது. வீட்டில் உறை ஊற்றிய தயிராக இருக்க வேண்டும். அம்மா வீட்டுத் தயிர் மாதிரி, லேசாகப் புளிப்பு தட்ட வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று கீழே இருக்கிற வாசகர்கள் கேட்பீர்கள். உங்களுக்கென்ன? பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் ஒரு ஸ்பூன் தயிரைக் கலந்து மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். விடிந்தால் தயிர். மறந்துபோய் மத்தியானம் வரை விட்டால் புளிக்காடி.

எங்கள் ஊர் அப்படியா? இங்கே தேங்காய் எண்ணெய் கட்டியாக இருக்கும், தயிர் தண்ணியாக இருக்கும்.

நானும் செய்யாத வித்தை இல்லை. கம்பளியில் சுற்றினேன். அரிசி டின்னுக்குள் புதைத்தேன். டிவி டிகோடர் சூடாக இருக்குமே என்று அதன்மேல் உட்கார வைத்தேன். படம் நின்றுபோனதுதான் மிச்சம். ரைஸ் குக்கரில் வைத்தால் பால் திரிந்து பன்னீர் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது என்று சரவணனின் காருக்குள் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பினேன்... மூடுபனி இறங்கிவிட்டது. ஒரு நாள் என் வீட்டுக்காரரின் ஜாக்கெட்டை எடுத்துச் சட்டிக்குப் போட்டுவிட்டேன். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். சட்டியும் உறையவில்லை, அவர்தான் உறைந்துபோய் வந்தார்.

இதற்கு நடுவில் தினமும் காலையில் ஃபோன் வரும். சம்பந்தியம்மாதான். அவர் பெயர் தனலெட்சுமி. குரல் தேன். கேள்வி மட்டும் எலுமிச்சம்பழம்.

"புள்ள என்னா சாப்ட்டா சம்பந்தி?"

தயிர் உறையாத கதையை ஒரு நாள் கவிதாவே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அடுத்த ஃபோனில் தேன் கொஞ்சம் அதிகமாக ஒழுகியது. குளிர் ஊரில் நானும் எத்தனை பாடுதான் படுவேன், முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டுமாம், தான் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம், கிள்ளானில் ஊற்றினால் உடனே உறைந்துவிடுமாம்.

எனக்குச் சுருக்கென்றது. கூட்டிக்கொண்டு போவதாம்! நல்ல வயிறே தாப்பா ரோட்டு வளைவுகளைத் தாங்காது. தண்ணீர் குடித்தாலே வாந்தி எடுக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு அந்த மலையை இறங்குவதா? அது ஒரு காரணம். ஒத்துக்கொள்கிறேன், இன்னொரு காரணமும் இருந்தது. மருமகளுக்கு ஒரு வாய்ச் சோறு போட முடியாதவள் என்று கிள்ளான் முழுக்க என் பெயர் அடிபடுமே...

எங்கள் வீட்டில் உறையாத தயிரா, இரண்டே நாளில் பாருங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அப்போது அடுப்படியில் இருந்த என் தயிரை வைத்து முகம் கழுவலாம். அவ்வளவு தண்ணீர்.

என் வீட்டுக்காரர் மணியம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அவர் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்ப்பவர். கொழுந்தை வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்த பிறகு சூட்டுக் காற்றில் காயவைக்கும் பெரிய மெஷின்தான் டிரையர். அதன் சத்தத்திலேயே ஆயுசில் பாதி போனதால், வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். உறை ஊற்றி வைத்திருந்த தூக்கை எடுத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் தூக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்து பார்த்தேன். தயிர். ஆடை கட்டி, வழுவழுவென்று, ஸ்பூன் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. டிரையருக்குப் பின்பக்கச் சுவரில் ஒரு திட்டு இருக்கிறதாம். பூனை வயிறு மாதிரி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்குமாம். அவர் அன்று முழுக்கப் பேசிய பேச்சு அதுதான்.

கவிதா தயிர்ச் சாதம் சாப்பிட்டாள். ஓடவில்லை. மோர் மிளகாய் கேட்டாள். வறுத்துக் கொடுத்தேன். அதையும் சாப்பிட்டாள். தட்டை வழித்து நக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா அத்த?" என்று கேட்டாள் பாருங்கள்... எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தண்ணீரைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாகக் காலித் தட்டை ஃபோட்டோ பிடித்துக் கிள்ளானுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. ஊர் உலகத்துக்குக் கட்டைவிரல் என்றால் பாராட்டு. சம்பந்திகளுக்குள் கட்டைவிரல் என்றால் சந்தேகம். சாயங்காலமே ஃபோன் வந்துவிட்டது. திடீரென்று எப்படி உறைந்தது?

"எல்லாம் கைராசி சம்பந்தி" என்றேன்.

ஃபேக்டரி என்று சொல்லலாமா? உள்ளே வெளிச் சாப்பாட்டுப் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்று சுவரில் மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கைராசிதான் எல்லாருக்கும் பாதுகாப்பு.

இதோடு நின்றிருந்தால் இந்தப் பத்திக்கு வேலையில்லை. நம்ம லைன் வீடுகளில் ஒரு விஷயம் நிற்குமா?

பக்கத்து வீட்டுப் புஷ்பம் ஒரு நாள் துணி காயப்போடும்போது வேலியோரம் வந்தாள். அவளுடைய கண் கண் இல்லை, கேமரா. "மத்தவங்க தூக்கெல்லாம் நெறஞ்சு போயி காலியா வருது. அண்ணனோடது மட்டும் நெறஞ்சு போயி நெறஞ்சே வருதேக்கா?"

டிரையர் திட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த வாரமே எங்கள் லைனில் பாதி வீட்டுப் பால் என் வீட்டுக்காரர் கையில் மலை ஏறியது. சாயங்காலம் அவர் பிளாஸ்டிக் கூடையோடு போவார், காலையில் கூடையோடு வருவார். எந்தச் சட்டி எந்த வீடு என்று ஞாபகம் வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு... வாயில்லாத மனுசன், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. லைன் முழுக்கத் தயிர்ப் பச்சடி, மோர்க் குழம்பு, தயிர் வடை என்று மணத்தது. குளிருக்கு ரசமே கதி என்று கிடந்த ஜனம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தியம்மா கிளம்பி வருகிறேன் என்றார். மகளைப் பார்க்க வேண்டுமாம். கூடவே, அந்தக் கைராசியையும் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் நல்லது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் வருகிற அன்று நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து இறங்கும்போது எல்லாச் சட்டிகளையும் கொண்டுவர வேண்டும். ஆனால் அவர் வந்த காலைப் பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்ன நேரத்துக்கு வராத பஸ், அன்றைக்கு மட்டும் சம்பந்தியம்மாவைக் கொண்டுவந்து முன்கூட்டியே இறக்கிவிட்டது. அவர் பஸ் ஸ்டேஷனில் இருந்து ஃபோன் போட, இவர் ஷிப்ட் முடிந்ததும் சட்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஃபேக்டரியிலிருந்து நேராகத் தானா ராத்தாவுக்கு ஓடினார். அழைத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப மலை ஏறலாம் என்று கணக்கு. சம்பந்தியம்மா விடவில்லை. மூட்டையைப் பிரித்தார். தோட்டத்து வெண்டைக்காய், முருங்கைக்கீரை, மகளுக்கென்று வறுத்து இடித்த பொடி வகையறா. தேங்காயை எடுத்து, சம்பந்தி ஒரு கை உரித்துக் கொடுங்களேன் என்று இவரிடம் நீட்டிவிட்டார். மறுக்க முடியுமா?

மேலே ஃபேக்டரியில், யாருமில்லாத திட்டில், சட்டிகள் சும்மா இருந்திருக்கலாம். ஒரு சட்டி சரிந்துவிட்டது. யாருடையது என்று கேட்காதீர்கள். வேலியோரம் வந்தவளுடையதுதான். சரிந்த பால் சூடான தகரத்தில் ஓடிக் கருகியது. அந்த நேரம் பார்த்துச் சின்ன துரை கீழே வரிசையாகக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு டீ ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. தேயிலை மாதிரி வாடையை இழுத்துக்கொள்ளும் சாமான் கிடையாது. பக்கத்தில் சோப்பு வைத்தால் சோப்பு வாடை, மீன் வைத்தால் மீன் வாடை. வெளிநாட்டுக்குப் போகிற டீயில் புளித்த தயிர் வாடை அடித்தால் யார் பதில் சொல்வது? அந்த நேரம் காய்ந்துகொண்டிருந்த தூளை எல்லாம் தனியாக ஒதுக்கச் சொல்லிவிட்டு, மோப்பம் பிடித்துக்கொண்டே டிரையருக்குப் பின்னால் போயிருக்கிறார். தைப்பூசத்துப் பால்குடம் மாதிரி வரிசையாகச் சட்டிகள். சூப்பர்வைசரைக் கூப்பிடப் போனார். கூட்டிக்கொண்டு வருவதற்குள் வரிசை மாயமாகிவிட்டது. வேலையில் இருந்தவர்கள் அவரவர் வீட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் அங்கேயே இருந்தது. ஏனென்றால் அதன் சொந்தக்காரர் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தூக்கோடுதான் சின்ன துரை வாசலில் நின்றார். வயது முப்பதுகூட இருக்காது. நல்ல பையன். எங்களை எல்லாம் ஆண்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். நாங்கள்தான் பழக்கம் விடாமல் துரை துரை என்கிறோம். ஆனால் அன்று முகம் நன்றாக இல்லை. என் பதிலுக்குக் காத்திராமல் முற்றத்தைப் பார்த்து, மணியம் அங்கிளிடம்தான் கேட்க வந்தேன் என்றார். டிரையர் அவர் பொறுப்பு. இதை வைத்தது யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். வைத்தவர் யாராக இருந்தாலும் இனி ஃபேக்டரிக்குள் வேலை கிடையாது, கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் சரியில்லை. அந்தச் சரிவுகளில் முதுகில் மூட்டையோடு ஏறி இறங்க அவரால் முடியாது. அவர் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள். இதோ சொல்லிவிடப் போகிறார்.

அதற்குள் சின்ன துரை தூக்கைத் திருப்பிக் காட்டினார். "இதுல பேரு வெட்டியிருக்கு அங்கிள். ஃபேக்டரியில கேட்டேன், லைன்ல கேட்டேன். யாருக்கும் தெரியல. தனலெட்சுமி யாரு?"

நம் வீடுகளில் எவர்சில்வர் என்றால் பேர் வெட்டாமல் இருக்குமா? அந்தத் தூக்கு கவிதாவுக்குச் சீராக வந்தது. வாங்கிக் கொடுத்த அம்மாவின் பெயரை அழகாக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் தினம் கழுவுகிற பாத்திரம்தான். அடியில் இருக்கும் பெயரை யார் வாசிக்கிறார்கள்?

ஹாலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா எழுந்து வந்தார். தூக்கைப் பார்த்தார். உள்ளே இருந்த தயிரைப் பார்த்தார். சின்ன துரையின் ஃபேக்டரிச் சட்டையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னவென்று சொல்வது? கைராசி எங்கே இருக்கிறது என்பது அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை போதும். சம்பந்தி வீட்டு மானம் கப்பல் ஏறிவிடும், மகளையும் கூட்டிக்கொண்டு மறு பஸ்ஸில் போகலாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான் தம்பி தனலெட்சுமி. சட்டி என்னோடதுதான்."

கண்ணைத் திறந்தேன். அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். தன் மகள் மாசமாக இருக்கிறாள், தயிர் இல்லாமல் ஒரு வாய் இறங்கவில்லை, இந்தக் குளிரில் உறையவில்லை, எங்கேயாவது சூடான இடமாகப் பார்த்து வைத்துக் கொடுங்கள் என்று தான்தான் சம்பந்தியை நச்சரித்தது, அவர் பாவம் பெண் கொடுத்த வீட்டுப் பேச்சைத் தட்ட முடியாமல் செய்துவிட்டார், தப்பு முழுக்கத் தன்னுடையது, தன்னை வேண்டுமானால் மலைக்கு அனுப்பலாம்.

சின்ன துரை படித்தவர். கணக்கு தெரிந்தவர். "ஆண்ட்டி எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். பஸ் டிக்கெட் இன்னும் சம்பந்தியம்மாவின் கைப்பை வாயில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. நீங்க சாப்ட்டீங்களா?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கேள்வியில் அவர் முகம் மாறிவிட்டது. சிரம்பான் பையன். கல்யாணம் ஆகவில்லை. பங்களாவில் சமையல்காரர் தினமும் ஃப்ரைட் ரைஸ் போடுகிறார் என்று ஊருக்கே தெரியும். இல்லை, வேலை இருக்கிறது என்று என்னவோ முணுமுணுத்தார். சம்பந்தியம்மா அவர் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்துவிட்டார். தடயம் போன பிறகு போலீஸ் மட்டும் வாசலில் நின்று என்ன செய்வது? உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படியில் தயிரை நாக்கில் வைத்துப் பார்த்தோம். எடுக்க வேண்டிய நேரம் தாண்டி மத்தியானம் வரை சூட்டில் கிடந்ததால் நன்றாகப் புளித்துவிட்டது. தயிர்ச் சாதத்துக்கு ஆகாது. மோர்க் குழம்புக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. பேச்சே இல்லை, இரண்டு பேரும் வேலையில் இறங்கிவிட்டோம். துவரம் பருப்பையும் பச்சரிசியையும் கொதிதண்ணீரில் ஊறப்போட்டேன். அவர் வெண்டைக்காயை நறுக்கி எண்ணெயில் வதக்கினார். என் வீட்டுக்காரர் உரித்த தேங்காயை உடைத்துத் துருவி, சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய் வைத்து அரைத்தோம். தயிரைக் கடைந்து ஊற்றினோம்.

சண்டை தாளிப்பில்தான் வந்தது. அவர் வெந்தயம் போட வேண்டும் என்றார். வெந்தயம் கசக்கும், எங்கள் வீட்டில் போடமாட்டோம் என்றேன். கசக்கிற அளவுக்கு யார் போடச் சொன்னார்கள் என்றார். குழம்பு கொதிக்கக் கூடாது, நுரை கூடி வரும்போதே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பை அணைக்கக் கை நீட்டினோம். சிரிப்பு வந்துவிட்டது. நாலே நாலு வெந்தயம் என்று சமாதானம் ஆனது.

கடுகு வெடித்துக் கருவேப்பிலை மணம் கிளம்பியதும் எனக்குப் பயம். கவிதா அறையிலிருந்து ஓடி வருகிற சத்தம் கேட்டது. பாத்ரூம் கதவைத் திறந்து வைக்கலாமா என்று பார்த்தேன். அவள் நேராக மேஜைக்கு வந்து, சின்ன துரைக்குப் போட்ட தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவர் பாவம், இன்னொரு தட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் சாப்பிட்டதை மூன்று பேர் கண் கொட்டாமல் பார்த்தோம். துரை என்பதை மறந்துவிட்டு அவருக்கு நான் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை துடைத்து, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அவருக்குத் தான் வந்த வேலை ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். "அங்கிள், டிரையர் பின்னாடி முழுக்க நீங்களே கழுவிடணும். இனிமே ஒரு ஸ்பூன்கூட உள்ள வரக்கூடாது லா. வந்துச்சுன்னா நான் ஆள் பாக்க மாட்டேன்." இவர் தலையாட்டினார். அவ்வளவுதான். மலைக்கு அனுப்புகிற பேச்சு வரவில்லை.

லீவு நாளில் இவர் பிரஷும் வாளியுமாகப் போனார். அங்கே போனால், ஏற்கெனவே ஐந்தாறு பேர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருக்கிறார்களாம். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் புஷ்பத்தின் புருஷன். யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லையாம். தயிர் சாப்பிட்ட வாய் பேசாது.

ஆனால் எனக்கு வேறு ஒரு கடன் பாக்கி இருந்தது. சின்ன துரை போனதும் சம்பந்தியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கைராசின்னீங்களே சம்பந்தி."

நான் சிங்க்குக்குள் விழுந்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிப்பு. பிறகு அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என் காதுப் பக்கம் வந்து ஒரு விஷயம் சொன்னார்.

கவிதா உயிரை விடுகிறாளே, அம்மா வீட்டுத் தயிர் என்று... அது அவர் உறை ஊற்றியதே இல்லையாம். அவர் ஊற்றினால் ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் பிசின். தெருமுனை வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தினமும் வாங்கி, வீட்டுச் சட்டியில் மாற்றி வைத்துவிடுவாராம். புருஷனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. கிள்ளானில் ஊற்றினால் உடனே உறைந்துவிடும் என்று சொன்னாரே? உறைவது உண்மைதான். கடைக்காரர் ஊற்றினால்.

அப்புறம் ஏன் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றீர்கள் என்று கேட்டேன். கடை பக்கத்தில் இருக்கிறதே என்றார்.

இதை எழுதலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டேன். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மாற்றிவிட்டேன். கவிதாவுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியமும் இருக்கிறது.

இரண்டு நாள் தங்க வந்தவர் போகவில்லை. ஃபேக்டரி இல்லாமல் தயிரை உறைய வைத்துக் காட்டாமல் ஊருக்குப் போவதில்லை என்று சபதம். கடையில் ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளை நுரைப் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி வரச் சொன்னார். ஐஸ் குளிரை வெளியே விடாத பெட்டி, சூட்டை மட்டும் விட்டுவிடுமா என்பது அவர் வாதம். பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியில் சுற்றி உள்ளே வைத்து, பக்கத்தில் உறை ஊற்றிய சட்டியை வைத்து மூடினோம். முதல் நாள் பாதி உறைந்தது. சுடுதண்ணீரை நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் மாற்றினார். மறுநாள் காலையில் திறந்தால்... தயிர். சொந்தத் தயிர். இரண்டு பேரும் சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றோம். ஐம்பது வயதுக்கு மேல் அவர் வாழ்க்கையில் முதன்முதலாக உறைந்த தயிர். ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். யாருக்கும் அனுப்பத்தான் முடியாது.

குழைய வடித்த சோற்றில் அந்தத் தயிரை ஊற்றி, கொஞ்சம் பால் சேர்த்து, இஞ்சி துருவி, மாதுளை முத்துத் தூவி, இரண்டு பேரும் சேர்ந்தே தட்டைத் தூக்கிக்கொண்டு கவிதாவின் அறைக்குப் போனோம்.

அவள் தட்டைப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். தயிர் வாடையே ஆகவில்லையாம். நேற்று ராத்திரியிலிருந்து அப்படி இருக்கிறதாம். நெத்திலிச் சம்பலோடு, தேங்காய்ப் பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு கிடைத்தால் சாப்பிடுவாளாம்.

திரும்ப அடுப்படிக்கு வந்து, ஆளுக்குப் பாதியாக அந்தத் தயிர்ச் சாதத்தை நாங்களே சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு நிலையாக இல்லை என்று அவர் சொன்னார். எது செய்து கொடுத்தாலும் அருமை தெரிவதில்லை என்று நான் சொன்னேன். அவர் ஆமாம் சம்பந்தி என்றார். நான் ஆமாம் சம்பந்தி என்றேன். கல்யாணம் ஆகி இத்தனை மாதத்தில் நாங்கள் இருவரும் எதிலாவது ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. தட்டு காய்ந்துபோகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

சம்பந்திகள் ஒற்றுமைக்குப் பெரிய விருந்தெல்லாம் எதற்கு? சேர்ந்து குறை சொல்ல ஒரு ஆள் போதும்.